பந்தை விட்டு ஆட்களைப் பாருங்கள்: ஆஸ்திரேலிய ஃபுட்டியில் பயிற்சியாளரின் முடிவுகளைக் கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை அந்நாட்டு மக்கள் ஃபுட்டி என்றே அழைக்கிறார்கள். அதை முதன்முறையாகப் பார்ப்பவருக்குத் தலைகால் புரியாத ஓட்டமாகவே அது தோன்றும். முட்டை வடிவப் பந்தை முப்பத்தாறு பேர் ஒரு பெரிய கிரிக்கெட் மைதானம் முழுவதும் துரத்துகிறார்கள். ஒருவர் ஓடிக்கொண்டே உதைக்கிறார். ஒருவர் உள்ளங்கையில் ஏந்திய பந்தை மறுகையின் முஷ்டியால் குத்தித் தம் அணிக்காரருக்கு அனுப்புகிறார். இன்னொருவர் எதிரணிக்காரரின் முதுகில் முழங்காலை ஊன்றி எழும்பி, அந்தரத்திலேயே பந்தைப் பிடிக்கிறார். இத்தனை களேபரத்துக்கு நடுவே திட்டம் என்று ஒன்று இருக்கிறதா, பயிற்சியாளர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்ற ஐயம் எழுவது இயல்பே.

விதிகள் அனைத்தையும் கற்றுத் தருவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ஓரளவு விதிகள் பிடிபட்ட பிறகு, பயிற்சியாளர் எடுக்கும் முடிவை மறுநாள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளாமல், அது நடக்கும் நேரத்திலேயே கண்டுகொள்வது எப்படி என்பதைத்தான் படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன். அதற்குப் புகழ்பெற்ற சில பழைய ஆட்டங்களையே எடுத்துக்காட்டுகளாக வைத்துக்கொள்கிறேன்.

முதற்படி: பயிற்சியாளரால் எதைச் செய்ய முடியாது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

நடுவில் உள்ள உயரமான இரு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். அவற்றுக்கு இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் பந்து சென்றால் பிஹைண்ட், அதற்கு 1 புள்ளி. ஆகவே 17.9 (111) என்று எழுதியிருந்தால், 17 கோல்கள், 9 பிஹைண்டுகள், மொத்தம் 111 புள்ளிகள் என்று படிக்க வேண்டும். ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக நடக்கிறது. களத்தில் அணிக்கு 18 பேர். இந்த அளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

இதைவிட முக்கியமானது, ஆட்டத்தை நிறுத்தும் உரிமை பயிற்சியாளருக்குக் கிடையாது என்பது. கூடைப்பந்தில் போல ‘டைம் அவுட்’ கேட்க முடியாது. கிரிக்கெட்டில் அணித்தலைவர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் களத்தடுப்பை மாற்றி அமைக்கலாம்; ஃபுட்டியில் பந்து ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கால்பகுதி முடியும்வரை பயிற்சியாளரின் குரல் களத்தை நேரடியாக எட்டுவதில்லை. பார்வையாளர் மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால், உதவிப் பயிற்சியாளர்கள் சூழ அமர்ந்துகொண்டு, எல்லைக்கோட்டருகே உள்ள பெஞ்சுக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்புவதுதான் அவருக்குள்ள வழி. களத்துக்குள் ஓடிச் சென்று செய்தி சொல்லும் ரன்னர் என்பவருக்கும் 2019-இலிருந்து கட்டுப்பாடு வந்துவிட்டது. கோல் விழுந்த பிறகு கிடைக்கும் சிறு இடைவெளியில் மட்டுமே அவர் உள்ளே போகலாம், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

ஆள் மாற்றுவதிலும் கணக்கு உண்டு. 1930-இல் பத்தொன்பதாவது ஆளும், 1946-இல் இருபதாவது ஆளும் மாற்று ஆட்டக்காரர்களாக அனுமதிக்கப்பட்டனர். ஆனால் வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போக முடியாது. 1978-இல்தான், வெளியே வந்தவர் ஓய்வெடுத்துத் திரும்பிப் போகும் முறை வந்தது. அது கட்டுக்கடங்காமல் பெருகவே, ஓர் ஆட்டத்துக்கு 120 மாற்றங்கள் என்று 2014-இலும், 90 என்று 2016-இலும், 75 என்று 2021-இலும் வரம்பு இறுக்கப்பட்டது. எனவே ஒவ்வொரு மாற்றமும் இன்று பயிற்சியாளரின் கையிருப்பிலிருந்து செலவாகும் ஒன்று. அணித்தேர்வு, தொடக்க நிலைகள், ஆள்மாற்றம், மூன்று இடைவேளைகள் ஆகியவற்றை விட்டால் அவர் கையில் வேறு கருவி அதிகமில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியவையும் இவ்வளவே.

இரண்டாம் படி: சரியான இடத்தில் உட்காருங்கள்

தொலைக்காட்சிக் கேமரா பந்தைத்தான் பின்தொடரும். பயிற்சியாளரின் வேலையோ பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. இயன்றால் மைதானத்துக்கே செல்லுங்கள். கோல் கம்பங்களுக்குப் பின்னால் உயரமான வரிசையில் இடம் பிடித்தால், களம் முழுவதும் நீளவாக்கில் கண்முன் விரியும். பக்கவாட்டு இருக்கைகள் விலை கூடியவை, பந்தைப் பார்க்க வசதியானவை; ஆனால் ஆட்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பதைப் பார்க்கக் கோல் பக்கமே மேல் என்பது என் எண்ணம்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்தத் தற்காப்பாளர் எந்த முன்களக்காரரைக் காக்கிறார் என்று நான்கைந்து சோடிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் குறிக்க முயன்றால் முதல் கால்பகுதியிலேயே சலித்துப்போவீர்கள். ஒவ்வொரு கோலுக்கும் பிறகு நடுவர் நடுவட்டத்தில் பந்தை மேலெழுப்பி ஆட்டத்தை மறுபடி தொடங்குவார். அந்த நேரத்தில் தாளை எடுத்து, சோடிகள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். 2019 முதல், அந்தத் தொடக்கத்தின்போது முன்களத்தில் ஆறு பேர், நடுவே ஆறு பேர், பின்களத்தில் ஆறு பேர் என்று இரு அணிகளும் நிற்க வேண்டும் என்ற விதி உள்ளது. ஆகவே அந்தச் சில நொடிகளில் களம் ஒழுங்கான வரைபடம் போல நிற்கும். பந்து எழும்பிய மறுகணமே அந்த வரைபடம் குலையும். யார் எந்தப் பக்கம் ஓடிக் குலைக்கிறார்கள் என்பதில்தான் பயிற்சியாளரின் திட்டம் முதலில் வெளிப்படும்.

எதிரணியின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரரோடு ஒருவர் நிழலாக ஒட்டிக்கொண்டு, தாம் பந்தைத் தொடுவதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் அவரைத் தொடவிடாமல் செய்வதையே வேலையாகக் கொண்டிருந்தால், அவர் டேக்கர். 2011-இல் ஜீலாங் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்ற கேமரன் லிங் இந்த வேலையில் பெயர் பெற்றவர். டேக்கரை அனுப்புவது எளிய முடிவு போலத் தெரியும். ஆனால் தம் அணியிலும் ஒருவரது ஆட்டத்தை அதற்காக இழக்கிறோம் என்பதைப் பயிற்சியாளர் கணக்கில் வைத்தே செய்கிறார்.

மூன்றாம் படி: இடைவேளைக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களைத் தவறவிடாதீர்கள்

முதல் கால்பகுதி முடிந்ததும், மூன்றாவது முடிந்ததும், ஆட்டக்காரர்கள் களத்திலேயே கூடி நிற்பார்கள், பயிற்சியாளர் மாடத்திலிருந்து இறங்கி வருவார். பாதி ஆட்டம் முடிந்த இடைவேளையில் மட்டும் அறைக்குள் போய்விடுவார்கள். தின்பண்டம் வாங்கப் போனவர்கள் வரிசையில் நிற்கும் அந்த நேரம்தான் பயிற்சியாளருக்குக் கிடைக்கும் முழு உரிமை. ஆதலால் தின்பண்டத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு, ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது இருக்கையில் இருங்கள்.

இதற்கு இன்றளவும் முதலில் சொல்லப்படும் எடுத்துக்காட்டு, 1970 செப்டம்பர் 26 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் கார்ல்டனும் காலிங்வுட்டும் ஆடிய இறுதிப் போட்டி. அன்று வந்திருந்த 1,21,696 பேர் என்ற கூட்டம் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் முறியடிக்கப்படாத எண்ணிக்கை. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 10.13 (73), கார்ல்டன் 4.5 (29); அதாவது 44 புள்ளிகள் பின்தங்கல். கார்ல்டனின் அலெக்ஸ் ஜெசலென்கோ எதிரியின் தோள்மேல் ஏறிப் பிடித்த, இன்றும் படமாகத் தொங்கும் அந்த மார்க் (உதைத்த பந்தை அந்தரத்தில் பிடிப்பது) இரண்டாவது கால்பகுதியில் நிகழ்ந்ததுதான். அதனால் அணி கரையேறிவிடவில்லை.

கார்ல்டனின் பயிற்சியாளர் ரான் பராசி இடைவேளையில் இரண்டு காரியங்கள் செய்தார். பந்து கையில் கிடைத்ததும் நின்று நிதானித்து நீளமாக உதைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, என்ன ஆனாலும் சரி, ஓடிவரும் அணிக்காரருக்கு ஹேண்ட்பால் செய்து, அதாவது முஷ்டியால் குத்தி அனுப்பி, பந்தை நகர்த்திக்கொண்டே இருக்கும்படி கட்டளையிட்டார். அத்துடன் பெர்ட் தார்ன்லியை எடுத்துவிட்டு, பத்தொன்பதாவது ஆளாக உட்கார்ந்திருந்த டெட் ஹாப்கின்ஸைக் களமிறக்கினார். அந்தக் கால விதிப்படி தார்ன்லி திரும்பி வர முடியாது என்பதை நினைவில் கொண்டால், இறுதிப் போட்டியின் பாதியில் அதைச் செய்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது விளங்கும். சிறிய உருவமுடைய ஹாப்கின்ஸ் முன்களத்தில் நான்கு கோல்கள் உதைத்தார். 44 ஆக இருந்த இடைவெளி மூன்றாவது கால்பகுதி முடிவில் 17 ஆகச் சுருங்கியது. முடிவில் கார்ல்டன் 17.9 (111), காலிங்வுட் 14.17 (101).

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் ஹாப்கின்ஸைத்தான் முதலில் சொல்வார்கள். கதையாகச் சொல்ல அதுவே வசதி. ஆனால் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஹேண்ட்பால் கட்டளையை என்று நினைக்கிறேன். ஹாப்கின்ஸ் கோல் அடிக்கும் இடத்தில் நின்றார் என்பது பாதிதான். பந்து அவரிடம் முன்னைவிட வேகமாக, தற்காப்பு கூடுவதற்கு முன் வந்துசேர்ந்தது என்பது மறுபாதி. அதற்காகப் பராசிதான் ஹேண்ட்பாலைத் தாக்குதல் கருவியாக்கினார் என்று சொல்வதும் பிழை. அறுபதுகளில் ஜீலாங்கில் ஆடிய பாலி ஃபார்மர் அதை முன்பே செய்து காட்டியிருந்தார். இருந்த ஒரு கருவியை, அனைவரும் தோல்வி உறுதி என்று நினைத்த நேரத்தில், அணி முழுவதையும் கையாள வைத்ததே பராசியின் பங்கு. ஹாப்கின்ஸ் அதன்பின் நெடுநாள் ஆடவில்லை. பிற்காலத்தில், இந்த ஆட்டத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்டும் சாம்பியன் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒரே ஒரு மாற்றத்தால் பெயர் பெற்றவர் ஆட்டத்தை எண்களாக்கும் தொழிலுக்குப் போனது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே படுகிறது.

கடைசி இடைவேளைக்கு எடுத்துக்காட்டு 1984. ஹாத்தோர்னுக்கு எதிரான இறுதிப் போட்டியில் எசன்டன் மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது 5.15 என்று தடுமாறி, 23 புள்ளிகள் பின்தங்கி நின்றது. பயிற்சியாளர் கெவின் ஷீடி, பில்லி டக்வொர்த் முதலிய பின்களக்காரர்களை முன்களத்துக்கு அனுப்பினார். கடைசிக் கால்பகுதியில் மட்டும் எசன்டன் 9 கோல்கள் உதைத்து 24 புள்ளிகளில் வென்றது. ஆட்டத்தின் சிறந்தவருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் டக்வொர்த்துக்குக் கிடைத்தது.

நான்காம் படி: ஆள் இடம் மாறினால், யார் இல்லாததால் மாறினார் என்று கேளுங்கள்

பயிற்சியாளர்களின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயரும் ஒரு காந்தத் துண்டில் எழுதி அதில் ஒட்டப்பட்டிருக்கும். காந்தங்களை நகர்த்தினார் என்று வர்ணனையாளர் சொன்னால், தற்காப்பாளரை முன்களத்துக்கோ முன்களக்காரரை நடுவுக்கோ மாற்றினார் என்று பொருள். எல்லா நகர்வும் மேதைமை அல்ல. சில வேளைகளில் வேறு வழியில்லாமையே காரணம்.

1997-இல் அடிலெய்ட் அணி இறுதிப் போட்டிக்கு வந்தபோது, அந்தப் பருவத்தில் கோல் குவிப்பில் முதலிடம் பிடித்த டோனி மோத்ரா முந்தைய வார ஆட்டத்தில் முழங்கால் காயம்பட்டு விலகியிருந்தார். மார்க் ரிச்சியூட்டோவும் இல்லை. பயிற்சியாளர் மால்கம் பிளைட் இதற்கு முன் ஜீலாங்குடன் 1989, 1992, 1994 ஆகிய மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றவர். அவர் மோத்ராவைப் போன்ற இன்னொருவரைத் தேடவில்லை. வழக்கமாகத் தற்காப்பில் ஆடும் ஷேன் எலனை முன்களத்தில் நிறுத்தினார், அவர் 5 கோல்கள் உதைத்தார். நடுக்களத்தில் கைதேர்ந்த டேரன் ஜார்மன் கோல் கம்பத்துக்கு அருகே சென்று 6 கோல்கள் உதைத்தார். அவற்றுள் 5 கடைசிக் கால்பகுதியில் வந்தவை. பாதியில் பின்தங்கியிருந்த அடிலெய்ட், செயின்ட் கில்டாவை 31 புள்ளிகளில் வென்றது. எதிரணியின் தற்காப்புத் திட்டம் எதிர்பார்த்திராத ஒருவரை அனுப்பியதில்தான் பிளைட்டின் கணக்கு இருந்தது. எலனைக் காக்க வேண்டியவருக்கு அவரைப் பற்றிய குறிப்பே அதிகம் இருந்திருக்காது.

ஐந்தாம் படி: காலி இடத்தை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுவரை சொன்னவை ஆள் மாற்றங்கள். இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கடினமானது. ஆனால் பிடிபட்டுவிட்டால் ஆட்டமே வேறாகத் தெரியும். களத்தின் நீளம் 135 முதல் 185 மீட்டர் வரையும், அகலம் 110 முதல் 155 மீட்டர் வரையும் இருக்கலாம். கால்பந்தில் உள்ளதைப் போன்ற ஆஃப்சைடு விதி இங்கே இல்லை. அதாவது, யாரும் எங்கும் நிற்கலாம். ஆகவே எந்த இடத்தைக் காலியாக விடுவது, எந்த இடத்தை ஆட்களால் நிரப்புவது என்பதே பயிற்சியாளர் எடுக்கும் பெரிய முடிவு.

தொண்ணூறுகளில் நார்த் மெல்பர்ன் பயிற்சியாளர் டெனிஸ் பேகன் காலியாக விடும் வழியைத் தேர்ந்தார். அவரிடம் வெய்ன் கேரி என்ற, ஒருவர் தனித்து நின்று தடுக்க முடியாத முன்களக்காரர் இருந்தார். மற்ற முன்களக்காரர்களை மேலே இழுத்துவிட்டு, கோலுக்கு முன்னால் ஒரு பெரும் வெளியைக் கேரிக்கும் அவரைக் காப்பவருக்கும் மட்டும் என்று விட்டார். பந்து நீளமாக அங்கே உதைக்கப்பட்டது, இருவர் ஓடினர், பெரும்பாலும் கேரியே பிடித்தார். இதற்குப் ‘பேகனின் பேடக்’, அதாவது பேகனின் புல்வெளி, என்றே பெயர் வந்தது. 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் கோப்பையும் வந்தது.

நிரப்பும் வழிக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டு எசன்டன் அணி ஆடிய முதல் 20 ஆட்டங்களிலும் வென்றிருந்தது. 21-ஆம் சுற்றில் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பயிற்சியாளர் டெரி வாலஸ், எசன்டனோடு நேருக்கு நேர் மோதி வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டவர் போல, தம் அணியில் பதினான்கு பேர்வரை தற்காப்புப் பாதியில் கொண்டுபோய் நிறுத்தினார். ஃப்ளட் என்றழைக்கப்படும் இந்த உத்தியை ஏற்கெனவே சிட்னியில் ரோட்னி ஈட் பயன்படுத்தியிருந்தார். வாலஸ் செய்தது அதன் உச்சக்கட்டம். எசன்டன் முன்களத்தில் எங்கே பார்த்தாலும் புல்டாக்ஸ் சட்டை. உதைக்க ஆளில்லாமல், எசன்டன் ஆட்டக்காரர்கள் பந்தைப் பக்கவாட்டில் தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்த வேண்டியதாயிற்று. பார்ப்பதற்கு அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இறுதிக் கட்டத்தில் கிறிஸ் கிரான்ட் உதைத்த கோலில் புல்டாக்ஸ் முன்னேறி, 11 புள்ளிகளில் வென்றது. எசன்டன் அந்தப் பருவத்தில் ஆடிய 25 ஆட்டங்களில் தோற்றது இது ஒன்றே. கோப்பையையும் அவர்களே வென்றார்கள்.

கோப்பை தராத இந்த முடிவை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். பராசியிடமும் ஷீடியிடமும் திறமை மிக்க ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் எப்படியும் மீண்டிருப்பார்கள் என்று வாதிட இடமுண்டு. வாலஸின் வெற்றிக்கோ திட்டத்தைத் தவிர வேறு விளக்கம் தேடுவது கடினம். பயிற்சியாளரின் கையைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால், பலம் குறைந்த அணி வென்ற ஆட்டங்களையே நாட வேண்டும்.

இதை நேரில் கண்டறிய ஒரு வழி உண்டு. ஓர் அணி தன் பின்களத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, பந்துக்கும் எதிரணி காக்கும் கோலுக்கும் இடையே எதிரணிக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பன்னிரண்டுக்கு மேல் போனால் அங்கே ஃப்ளட்டின் ஏதோ ஒரு வடிவம் நடக்கிறது. மாறாக, எதிரணிக்காரர்கள் பெரும்பாலோர் பந்து இருக்கும் பாதியிலேயே நெருங்கி வந்து வலை விரித்தாற்போல நின்றால், அது பிரெஸ். 2010-இல் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட் இந்த முறையில்தான் ஆடியது. அந்த ஆண்டு இறுதிப் போட்டி செயின்ட் கில்டாவுடன் 68-68 என்று சமனில் முடிய, மறுவாரம் மீண்டும் ஆடி 108-52 என்று காலிங்வுட் வென்றது. அந்த மறு ஆட்டத்தின் முதல் கால்பகுதியில், கோல் வாயிலில் நிதானமாக உதைக்கப்போன செயின்ட் கில்டாவின் நிக் ரீவோல்ட்டின் பின்னாலிருந்து பாய்ந்து பந்தைத் தட்டிவிட்ட காலிங்வுட்டின் ஹீத் ஷாவைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது தனி மனிதரின் முயற்சிதான். ஆனால் எதிரிக்கு ஒரு கணமும் ஓய்வு கொடுக்காதே என்று பருவம் முழுக்கப் பழக்கப்பட்ட அணியின் முயற்சியும்கூட.

2017-இல் ரிச்மண்டின் டேமியன் ஹார்ட்விக், ஜாக் ரீவோல்ட் ஒருவரைத் தவிர முன்களத்தில் உயரமானவர்களை நம்பாமல், குள்ளமான, வேகமாக ஓடி நெருக்குபவர்களை நிரப்பினார்; இறுதிப் போட்டியில் அடிலெய்டை 48 புள்ளிகளில் வென்று, 1980-க்குப் பிறகு முதல் கோப்பையைப் பெற்றார். உயரமானவர்களே முன்களத்துக்கு வேண்டும் என்பது பேகனின் காலத்தில் பரவலான நம்பிக்கையாக இருந்தது.

ஆறாம் படி: விதியின் ஓரத்தில் நடப்பவரைக் கவனியுங்கள்

சில பயிற்சியாளர்கள் எதிரணியை மட்டுமல்லாமல் விதிப் புத்தகத்தையும் ஆழ்ந்து படிப்பவர்கள். ஷீடி இதில் பேர்போனவர். 1991-இல் எசன்டனின் விண்டி ஹில் மைதானத்துக்கு வெஸ்ட் கோஸ்ட் ஆட வந்தபோது, காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழாயைக் கட்டிப்போடச் செய்தார். அதனால் எவ்வளவு பயன் கிடைத்தது என்பது வேறு. எதிரணியின் மனத்தில் ஒரு முள் தைத்தது உறுதி.

2008-இல் நடந்தது இதைவிடப் பெரிது. அந்தப் பருவத்தில் ஜீலாங் 22 சுற்று ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றிருந்தது. இறுதிப் போட்டியில் எதிர்கொண்ட ஹாத்தோர்னின் பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன், ஆளுக்கு ஆள் காவல் என்ற பழைய முறைக்குப் பதிலாக, பந்து நகர நகரக் கூட்டமாகச் சேர்ந்து நகரும் வளையத் தற்காப்பை அணிக்குப் பழக்கியிருந்தார். அத்துடன், நெருக்கடி வரும்போது ஹாத்தோர்ன் தற்காப்பாளர்கள் பந்தைத் தாங்களே தங்கள் கோல் கோட்டைக் கடத்தினார்கள். அதனால் எதிரணிக்கு 1 புள்ளி போகும். ஆனால் 6 புள்ளி ஆபத்து நீங்கிவிடும், பிஹைண்டுக்குப் பிறகு பந்தை உதைத்துத் தொடங்கும் உரிமையும் தமக்கே கிடைக்கும். விதியில் இதற்குத் தடை இல்லை. அன்று மட்டும் பதினொரு முறை இப்படிச் செய்தார்கள். முடிவு: ஹாத்தோர்ன் 18.7 (115), ஜீலாங் 11.23 (89).

இந்த எண்களைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ஜீலாங்கின் 23 பிஹைண்டுகளில் 11, அவர்கள் உதைத்துத் தவறவிட்டவை அல்ல. எதிரணி விரும்பிக் கொடுத்தவை. குறி தவறியதால்தான் ஜீலாங் தோற்றது என்று மதிப்பெண் பலகையை மட்டும் பார்த்தவர் சொல்வார். அது பாதி உண்மையே. அடுத்த ஆண்டே, வேண்டுமென்று பந்தைத் தம் கோட்டைத் தாண்டவிட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்று விதி மாற்றப்பட்டது. ஒரு முடிவின் பெருமையை அளக்க, அதற்குப் பிறகு விதி மாறியதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல். இரண்டாம் படியில் சொன்ன ஆறு-ஆறு-ஆறு விதியும், ஆட்கள் ஒரே இடத்தில் குவிவதைக் குறைக்கப் போட்டி அமைப்பாளர்கள் கொண்டுவந்ததே.

ஏழாம் படி: வெற்றி தோல்வியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

1975 இறுதிப் போட்டியின் இடைவேளையில் ஹாத்தோர்ன் பயிற்சியாளர் ஜான் கென்னடி தம் ஆட்டக்காரர்களை நோக்கி, நினைத்துக்கொண்டும் நம்பிக்கொண்டும் நிற்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று முழங்கிய உரை, ஆஸ்திரேலியாவில் ஃபுட்டி பார்க்காதவர்களுக்குக்கூடத் தெரிந்த ஒன்று. ஹாத்தோர்ன் அந்த ஆட்டத்தில் 55 புள்ளிகளில் தோற்றது. வென்றது, அதே ரான் பராசி பயிற்றுவித்த நார்த் மெல்பர்ன், அதுவும் தன் முதல் கோப்பையை. உரை மோசமானதல்ல. ஆனால் உரை வேறு, நகர்வு வேறு. கென்னடியின் குரலைக் கேட்டு வியந்த பிறகு, அந்த ஆட்டத்தில் பராசியின் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் உங்கள் தாளில் மூன்றே குறிப்புகள் எழுதுங்கள்: எந்த மாற்றத்தைக் கண்டீர்கள், அது நடந்தபோது ஆட்டத்தின் நிலை என்ன, அடுத்த பத்து நிமிடங்களில் பந்து எந்தப் பாதியில் அதிகம் இருந்தது. கோல் விழுந்ததா என்பதைவிட இந்த மூன்றாவது குறிப்பு நம்பகமானது. ஏனென்றால் கோல் விழுவதில் காற்றுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, பந்து எங்கே தங்குகிறது என்பதில் திட்டத்துக்கே பங்கு அதிகம். பிறகு, பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் பேசுவதைக் கேட்டு உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். அவர்கள் முழு உண்மையைச் சொல்வதில்லை, அடுத்த வார எதிரணியும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்; ஆனால் எதைப் பற்றிப் பேச மறுக்கிறார்களோ அங்கே ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துப் பயில விரும்பினால், 1970-இன் மூன்றாவது கால்பகுதியிலிருந்து தொடங்குங்கள். மாற்றம் அவ்வளவு வெளிப்படையாக இருப்பதால் புதிய கண்ணுக்கும் பிடிபடும். அடுத்து 1997-இன் கடைசிக் கால்பகுதியில், பந்தை மறந்து ஜார்மன் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் தொடருங்கள். 2000-இன் ஃப்ளட்டைப் பொறுமை வந்த பிறகு பாருங்கள், முன்னதாகப் பார்த்தால் தூக்கம்தான் வரும். 2008-ஐக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ஜீலாங் தாக்கும்போதெல்லாம் படத்தை நிறுத்தி, ஹாத்தோர்ன் தற்காப்பாளர் கோல் கோட்டிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறார், உதைக்க வாய்ப்பிருந்தும் பின்னோக்கி நடக்கிறாரா என்று சரிபாருங்கள்.